ஏடு முதல் வன்தட்டு வரை: பழுதும் மீட்பும்

மனிதன் தான் அறிந்தவற்றைத் தன் நெஞ்சத்திற்குப் புறத்தேயும் வைத்துக் காக்கக் கற்றுக்கொண்ட காலத்திலேயே எழுதப்பட்ட வரலாறு தொடங்கிற்று எனலாம். கல், களிமண், செப்பேடு, பனையோலை, தாள் என அவன் தேடிக்கொண்ட காப்பிடங்கள் பல. அவற்றுள் அழிவில்லாதது என்று கூறத்தக்கது ஒன்றேனும் இல்லை. ஓலையைச் செல் அரித்தது. தாளைத் தீ உண்டது. கல்வெட்டும் மழையாலும் காற்றாலும் தேய்ந்தது. இக்காலத்து மடிக்கணினியினுள் அமைந்துள்ள வன்தட்டும் அவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்கதே. ஆதலின், அதன் பழுதினைத் திருத்துநர்க்கு மட்டும் உரிய சிறு தொழிற்செய்தியாகக் கொள்ளாது, நினைவைக் காக்கும் மனித முயற்சியின் வரலாற்றில் ஓர் இயலாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாகக் கல்முனைக் கரையினைக் கொள்வாம்.

கரையும் காப்பும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராகவும், காரைதீவு, பாண்டிருப்பு முதலிய ஊர்களில் தமிழ் இந்துக்களும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். நெல்லும் மீனும் மருதமுனையின் கைத்தறித் துணியும் இக்கரையின் புகழுக்குக் காரணமாயின. கல்வியும் இங்கு நன்கு வேரூன்றியுள்ளது. ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996ஆம் ஆண்டிலே முழுமையான பல்கலைக்கழகமாயிற்று.

இக்கரையின் பழைய நினைவுகள் இருவகைக் காப்பிடங்களிலே இருந்தன. ஒன்று, ஏடும் தாளும். மற்றொன்று, மக்களின் நா. அரபு எழுத்திலே தமிழை எழுதும் அரபுத் தமிழ் மரபு இலங்கை முஸ்லிம்களிடையே வழங்கியது. அதனோடு, வயலிலும் வீட்டிலும் பாடப்பெற்ற நாட்டார் கவிகள் எழுதப்படாமலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தன.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலையிலே எழுந்த ஆழிப்பேரலை இக்கரையின் காப்பிடங்களை ஒருங்கே தாக்கிற்று. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை மாவட்டமே. அங்கு மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடலோரப் பகுதிகள் அழிந்தன. உயிரிழப்பின் முன் பிற இழப்புகள் சிறியனவே. ஆயினும், பிழைத்தோர் தம் வாழ்வை மீளக் கட்டியெழுப்ப முற்பட்டபோது, காணி உறுதியும் பிறப்புச் சான்றும் பரீட்சைச் சான்றிதழும் இறந்தோரின் நிழற்படமும் அலையோடு போயினமை பெருந்துயரமாயிற்று. பெட்டியிலும் அலுமாரியிலும் இருந்தவற்றிற்கு வேறெங்கும் படியில்லை என்பதே அத்துயரத்தின் காரணம்.

அன்று பெட்டியில் இருந்தவற்றுட் பல இன்று மடிக்கணினிக்குள் இருக்கின்றன. மாணவனின் ஆய்வேடு, ஆசிரியரின் பாடக்குறிப்பு, வணிகரின் கணக்கு, பள்ளிவாசலினதும் கோயிலினதும் பதிவுகள், திருமணப் படங்கள் ஆகிய யாவும் உள்ளங்கையளவான ஒரு பொறியை நம்பி நிற்கின்றன. அப்பொறி எத்தன்மையது என்பதை அறியாது அதனைக் காத்தல் இயலாது.

வன்தட்டின் தோற்றமும் வளர்ச்சியும்

உலகின் முதல் வன்தட்டினை 1956 செப்டெம்பர் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகஞ்செய்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரிலிருந்த ஆய்வுகூடத்தில், ரெனோல்ட் ஜோன்சன் என்பாரின் தலைமையிலே அது உருவாயிற்று. 24 அங்குல விட்டமுள்ள 50 காந்தத் தகடுகள் ஓர் அச்சில் அடுக்கப்பெற்று, நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. பொறியின் நிறை ஒரு தொன்னிற்கும் அதிகம். அதன் கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகளே. இக்காலத்துக் கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு படத்திற்கு அவ்விடம் போதுமோ என்பது ஐயமே. ஆயினும், அதன் பெருமை கொள்ளளவில் இல்லை. காந்த நாடாவிலே வேண்டியதைத் தேடுவதாயின் தொடக்கத்திலிருந்து ஓடவேண்டும். வன்தட்டிலோ வேண்டிய பக்கத்தை நேரே திறக்கலாம். சுருளாகச் சுருட்டிய ஏட்டிற்கும் பக்கங்களாகக் கட்டிய நூலிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

1973ஆம் ஆண்டில் அதே நிறுவனம் ‘வின்செஸ்டர்’ என்னும் செல்லப்பெயருடைய மற்றொரு வகையினை வெளியிட்டது. தகட்டினையும் எழுத்தை வாசிக்கும் தலையினையும் ஒரே உறையினுள் அடைத்துத் தூசி புகாது காத்தல் அதன் சிறப்பு. இன்றைய வன்தட்டுகள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. 1980இல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்கேற்ற 5.25 அங்குலத் தட்டினையும், 1983இல் ஸ்கொட்லாந்தின் ரோடைம் நிறுவனம் 3.5 அங்குலத் தட்டினையும், 1988இல் பிரேரிடெக் நிறுவனம் 2.5 அங்குலத் தட்டினையும் வெளிக்கொணர்ந்தன. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட அளவே மடிக்கணினிக்கு உரியதாயிற்று. அதே 1988ஆம் ஆண்டில், பிரான்சின் அல்பேர் ஃபேர், ஜேர்மனியின் பீற்றர் கிறுயன்பேர்க் ஆகிய இருவரும் மென்படலங்களின் மின்தடை காந்தப்புலத்தால் பெரிதும் மாறுபடுவதைத் தனித்தனியே கண்டறிந்தனர். இக்கண்டுபிடிப்பால், மிக நுண்ணிய காந்தக் குறியையும் வாசிக்கும் தலைகள் தோன்றின. தட்டின் கொள்ளளவு பன்மடங்கு பெருகிற்று. இருவர்க்கும் 2007ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இவ்வளர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. முதல் வன்தட்டிலே தலையானது தகட்டிற்கு ஏறத்தாழ 20 மைக்கிரோமீற்றர் உயரத்திலே மிதந்தது. இன்று அவ்விடைவெளி சில நனோமீற்றர்களே; தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு. நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தகட்டின்மேல், அத்தனை தாழ்வாக, காற்றினால் தாங்கப்பெற்றுத் தலை பறக்கின்றது. சிறு தூசியும் அதற்கு மலையே. மேசைமேல் அசையாதிருக்கும் கணினிக்கே இது பெருஞ்சோதனை. பேருந்திலும் துவிச்சக்கர வண்டியிலும் கொண்டுசெல்லப்படும் மடிக்கணினிக்குச் சொல்லவேண்டா. 2003ஆம் ஆண்டில், கணினி விழுவதை உணர்ந்து தலையைத் தகட்டினின்றும் விலக்கும் பாதுகாப்பினை ஐ.பி.எம். தன் மடிக்கணினிகளிலே சேர்த்தமை இதனாலேயாகும்.

பழுதின் குறிகள்

மடிக்கணினி திறக்கவில்லை என்றவுடன் வன்தட்டே பழுது என்று துணிதல் தவறு. மின்னூட்டி, மின்கலம், நினைவகம், தட்டினைப் பிணைக்கும் இணைப்பு ஆகியவற்றுள் எதனாலும் அந்நிலை நேரலாம். ஆதலின் நோயை நாடுதல் முதற்கடன். விசையை அழுத்தியும் விளக்கே எரியாதாயின், குறை பெரும்பாலும் மின்வழியிலேயே இருக்கும். விளக்கெரிந்து, திரையிலே தொடக்கத்திற்குரிய தட்டு இல்லை என்னும் பொருள்பட அறிவிப்புத் தோன்றுமாயின், பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்பினுள் சென்று வன்தட்டின் பெயர் அங்குக் காணப்படுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். பெயர் காணப்பட்டால், தட்டு ஓரளவேனும் உயிரோடுள்ளது. விண்டோஸ் முதலிய இயக்கமென்பொருள் சிதைந்திருக்கலாம், அல்லது தகட்டின் சில பகுதிகள் வாசிக்க இயலாதன ஆகியிருக்கலாம். பெயரே காணப்படாவிடின், இணைப்பு விலகியிருத்தல், மின்சுற்றுப் பலகை பழுதாதல், உட்பொறி சிதைதல் ஆகிய மூன்றில் ஒன்றை ஐயுறல் வேண்டும்.

செவியும் இவ்வாராய்ச்சிக்கு உதவும். நலமான தட்டு மெல்லிய இரைச்சலோடு சுழலும். சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்னும் ஒலி எழுமாயின், தலை தன் வழியைக் காணாது மீண்டும் மீண்டும் தேடுகின்றது என்று பொருள். உராயும் ஒலி எழுமாயின், தலை தகட்டினைத் தொட்டுச் சுரண்டுகின்றது எனலாம். அவ்வாறு சுரண்டப்பட்ட காந்தப்பூச்சோடு அதில் எழுதப்பட்டிருந்ததும் போயிற்று. அதனை எவராலும் மீட்டல் இயலாது.

தட்டு தன் நலத்தைத் தானே குறித்துக்கொள்ளும் ‘ஸ்மார்ட்’ என்னும் முறையும் 1990களிலிருந்து வழக்கில் உள்ளது. பழுதுற்று மாற்றிவைக்கப்பட்ட பகுதிகள் எத்தனை, வாசிக்க இயலாது காத்திருக்கும் பகுதிகள் எத்தனை என்பன அதனாற் புலனாகும். அவ்வெண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுமாயின் தட்டின் இறுதி அணுகுகின்றது என்க. ஆயினும் அதனை முழுதும் நம்புதல் கூடாது. கூகுள் நிறுவனத்தார் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்விலே, பழுதுற்ற தட்டுகளில் மூன்றிலொரு பங்கிற்கும் மேற்பட்டவை எவ்வகை முன்னறிவிப்பும் காட்டாமலே வீழ்ந்தன என்பது தெரியவந்தது. காய்ச்சலின்றி வரும் மரணமும் உண்டன்றோ!

கல்முனைக் கரை போன்ற இடங்களுக்கு உரிய சில காரணங்களும் உள. உப்பும் ஈரமும் செறிந்த கடற்காற்று இணைப்புகளின் உலோகத்தை அரிக்கின்றது. மின்கலம் சோர்ந்த பழைய மடிக்கணினி மின்வெட்டின்போது திடீரென அணைந்து, எழுதிக்கொண்டிருந்ததை அரைகுறையாக விட்டுவிடுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் மின் துண்டிக்கப்பட்டமை யாவரும் அறிந்ததே. ரூபாயின் பெறுமதியும் அவ்வாண்டிலே பெரிதும் வீழ்ந்தது. புதிய பொறியை வாங்கும் வசதி குன்றியோர்க்குப் பழையதைத் திருத்தி வைத்துக்கொள்ளுதலே வழியாயிற்று. ஆதலின் திருத்தும் முறையினை அறிந்திருத்தல் இந்நாட்டவர்க்கு வீண் கல்வியன்று.

திருத்தும் முறை

பழுதுற்ற மடிக்கணினியைக் கண்டவுடன் இரண்டு வினாக்கள் எழுகின்றன. ‘பொறி மீண்டும் இயங்குமா?’ என்பது ஒன்று. ‘உள்ளே இருந்தவை பிழைக்குமா?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவதாலேயே பேரிழப்பு நேர்கின்றது. முதல் வினாவிற்கு விடை எளிது. தட்டினை ‘போர்மட்’ செய்து விண்டோஸை மீள நிறுவினாலும், புதிய தட்டினைப் பூட்டினாலும் பொறி இயங்கும். ஆயின், முன்னைய செயலால் மாணவன் ஈராண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு துடைக்கப்பட்டிருக்கும். பொறியைத் திருத்தியவர் தம் கடமையைச் செய்தவரே. ஆனால் கேட்கப்படவேண்டிய வினா கேட்கப்படவில்லை. ஆகவே, உள்ளடக்கத்தை முதலில் மீட்டு, அதன்பின்னரே பொறியைத் திருத்துதல் வேண்டும் என்பது இத்தொழிலின் தலையாய விதியாகும். திருத்தக் கொடுப்பவரும் கொடுக்கும்போதே தமக்கு வேண்டுவது யாது என்பதைத் தெளிவாகக் கூறுதல் கடன்.

மீட்கும் முறை வருமாறு. ஐயத்திற்குரிய தட்டினை வீணே பலமுறை இயக்கலாகாது. பிழைதிருத்தும் கட்டளைகளை அதன்மேல் ஏவுதலும் தீது. அவை நலிந்த தட்டினை நெடுநேரம் உழைக்கச்செய்வதோடு, உள்ளதையும் மாற்றி எழுதும். கணினியை அணைத்து, மின்னூட்டியையும் கழற்றத்தக்க மின்கலத்தையும் நீக்கி, திருப்புளியால் அடிமூடியைத் திறந்து, தட்டின் இணைப்பு உறுதியாக உள்ளதா, களிம்பு படிந்துள்ளதா என்று நோக்குதல் வேண்டும். சிலவேளை இவ்வளவே நோயாக இருக்கும். இதனாற் பயன் இல்லையாயின், தட்டினைக் கழற்றி யூ.எஸ்.பி. இணைப்பியின் வழியாக நலமான வேறொரு கணினியோடு பொருத்தலாம். அல்லது லினக்ஸ் இயங்குதளத்தை யூ.எஸ்.பி. நினைவகத்தில் இட்டு, அதன்வழி அதே மடிக்கணினியைத் தொடக்கலாம்.

தட்டு வாசிக்கப்படுமாயின், இன்றியமையாதவற்றை உடனே வேறிடத்திற் படியெடுத்தல் வேண்டும். வாசிப்பு இடையிடையே தடைப்படுமாயின், கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க முயலாது, தட்டு முழுவதற்கும் ஒரு முழுப்படி எடுத்தலே நன்று. இதற்கென 2004ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கப்படும் ‘டிடி-ரெஸ்கியூ’ என்னும் மென்பொருள் உண்டு. அது நலமான பகுதிகளை முதலில் விரைந்து படியெடுத்து, கெட்ட பகுதிகளை இறுதிக்கு ஒதுக்கி வைக்கின்றது. செல்லரித்த சுவடியினின்று படியெடுக்கும் புலவர், தெளிவான ஏடுகளை முதலில் எழுதிக்கொண்டு, சிதைந்த ஏட்டினைப் பின்னர் உற்றுநோக்குவதை இஃது ஒக்கும். படி கிடைத்தபின் ஆராய்ச்சி முழுவதையும் அப்படியின்மேலேயே நடத்துதல் வேண்டும். மூலத்தை மீண்டும் தொடலாகாது.

‘டிக், டிக்’ ஒலியோ உராயும் ஒலியோ எழும் தட்டிற்கு இம்முறைகள் பொருந்தா. அதனை உடனே அணைத்து, தூசியற்ற அறையும் உரிய கருவியும் உடைய வல்லுநரிடம் ஒப்படைத்தலே செய்யத்தக்கது. வீட்டு மேசையில் உறையைத் திறந்து பார்த்தல் மீட்பிற்கான வாய்ப்பைக் குலைத்துவிடும். தட்டினைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாற் பிழைக்கும் என்னும் பழங்கூற்றையும் நம்பலாகாது; வெளியே எடுத்தவுடன் அதன்மேல் ஈரம் படியும். வெள்ளத்தில் மூழ்கிய தட்டிற்கு மின் ஊட்டிப் பார்த்தலும் அத்தகைய பிழையே.

உள்ளடக்கம் காப்பாற்றப்பட்டபின் பொறியைத் திருத்தலாம். இக்காலத்தில் பழைய தட்டிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பூட்டுதல் பெருவழக்கு. அதிற் சுழலும் உறுப்பில்லை; அதிர்ச்சியைப் பெரிதும் தாங்கும்; பழைய மடிக்கணினியும் புத்துயிர் பெற்றாற்போல விரைந்து இயங்கும். ஆயினும் அதுவும் அழிவில்லாததன்று. அது ஒலி எழுப்பி எச்சரியாது. ஒருநாள் திடீரென மௌனமாகிவிடும். அதிலே அழித்தவற்றை மீட்டல் வன்தட்டினைவிடக் கடினம். ‘பிட்லொக்கர்’ முதலிய மறையீட்டு முறை இயக்கப்பட்டிருப்பின், மீட்புத் திறவுச்சொல் இன்றேல் தட்டு நலமாயிருந்தும் பயனில்லை. அத்திறவுச்சொல்லைத் தாளில் எழுதி வேறிடத்தே வைத்தல் அறிவுடைமை.

மீட்பின் எல்லை

மீட்பு எத்துணை வியத்தகு நிலையை எட்டக்கூடும் என்பதற்கு ஒரு சான்று கூறுவாம். 2003 பெப்ரவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையிற் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். சிதைவுகளிடையே கருகிய ஒரு வன்தட்டுக் கிடைத்தது. வல்லுநர்கள் அதனைத் துப்புரவாக்கி, தகடுகளை வேறோர் உறையில் ஏற்றி, அதிலிருந்தவற்றில் ஏறத்தாழ 99 சதவீதத்தை மீட்டனர். செனன் வாயுவைப் பற்றி விண்ணில் நடத்தப்பெற்ற ஆராய்ச்சியின் பேறு அதனால் 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. தட்டில் எழுதப்படாதிருந்த பகுதியே பெரும்பாலும் சேதமுற்றிருந்தமை இவ்வெற்றிக்குத் துணையாயிற்று. அந்நல்லூழ் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

சிதைந்தவற்றினின்று இழந்ததை மீட்டெடுத்த ஒருவரை இக்கரையே ஈன்றது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். வழக்கொழிந்துபோன யாழ்க்கருவியைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் பழைய உரைகளிலும் எஞ்சியிருந்த குறிப்புகளைக் கொண்டு, கணித முறையாலே ஆராய்ந்து, 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே மீள விளக்கினார். எஞ்சிய துண்டுகளினின்று முழுமையை உய்த்துணரும் முறை இன்றைய தரவு மீட்பிற்கும் பொதுவானதே. ஆயினும் அவராலும் மீட்க முடிந்தது எவரோ ஒருவர் எழுதிவைத்து, எவரோ ஒருவர் படியெடுத்துக் காத்ததை அடிப்படையாகக் கொண்டதே. குறிப்பொன்றும் எஞ்சாதவிடத்து எப்புலமையும் செயலற்றுப்போம்.

படியெடுத்தல் என்னும் அறம்

பனையோலை நெடுங்காலம் வாழ்வதன்று என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆதலின் ஏடு பழுதாகுமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தலை ஒரு கடனாகக் கொண்டனர். சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது ஓலையின் வலிமையாலன்று, படியெடுத்தோரின் தொடர்ச்சியாலாகும். அத்தொடர்ச்சி அறுந்த நூல்கள் பெயரளவில் நின்றன. ஏடுகள் தொட்டவிடத்து நொறுங்கிய காலத்திலே யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையினை அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவக சிந்தாமணியினையும் 1892இல் சிலப்பதிகாரத்தினையும் 1894இல் புறநானூற்றினையும் வெளியிட்டார். அவர்கள் செய்தது யாது? நலிந்த ஓர் ஊடகத்தினின்று வலிய மற்றோர் ஊடகத்திற்கு உரிய காலத்தே உள்ளடக்கத்தை மாற்றினர்.

அச்சும் ஒரே இடத்திற் குவிந்திருப்பின் காப்பாகாது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாளிரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். அத்துயரைப் பாடிய கவிதைகளுட் புகழ்பெற்ற ‘புத்தரின் படுகொலை’, கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான் எழுதியது. வடக்கே எரிந்த ஏட்டிற்காகக் கிழக்கின் முஸ்லிம் கவிஞர் வருந்தியமை, ஏடு ஓர் ஊரார்க்கோ ஒரு சமயத்தார்க்கோ மட்டும் உரியதன்று என்பதைக் காட்டும். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் படியெடுத்து எவரும் படிக்க வைத்து வருவது இவ்வறத்தின் தொடர்ச்சியே.

மடிக்கணினி உடையார்க்கு வழங்கும் விதியும் இதுவே: முக்கியமானவற்றிற்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும், அவை இருவேறு வகை ஊடகங்களில் இருத்தல் வேண்டும், ஒன்றேனும் வேறிடத்தே இருத்தல் வேண்டும். கல்முனைக் கரையினர்க்கு இம்மூன்றாம் உறுப்பே பெரிதும் இன்றியமையாதது. ஒரே வீட்டில் மூன்று படிகள் இருப்பினும் அவற்றை ஓர் அலையே கொண்டுபோம். வெளித்தட்டில் ஒரு படியை எடுத்துக் கண்டியிலோ கொழும்பிலோ வாழும் உறவினரிடம் வைத்தலும், இணையத்தின்வழி தொலைவிடத்தில் சேமித்தலும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை. எடுத்த படி திறக்கின்றதா என்று இடையிடையே சோதித்தலும் வேண்டும். திறந்து பாராத படி இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதுகாறும் கூறியவற்றால், வன்தட்டின் வரலாறு கொள்ளளவு பெருகிய வரலாறு மட்டுமன்று என்பதும், பெருகப் பெருக ஒரு பழுதினால் இழப்பதும் பெரிதாயிற்று என்பதும் விளங்கும். ஏடு நலிந்த காலத்தில் படியெடுத்தல் புலவர் சிலரின் பணியாயிருந்தது. இன்று அது மடிக்கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பணியுமாயிற்று. ஆய்வேட்டினை எழுதும் மாணவரும், பாடக்குறிப்பைத் தொகுக்கும் ஆசிரியரும், மூதாதையரின் கவிகளைப் பாடக்கேட்டுப் பதிவுசெய்யும் ஆர்வலரும், தம் தட்டு நலமாயிருக்கும் இன்றே அப்பணியைத் தொடங்குவாராக.